அப்பாவை மறைக்காத கவிஞர்

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன மாணவி ஒருத்தி, ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பாரம் இருந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதியிருந்தாள். ‘தகப்பனார் தொழில்’ என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“இதுல என்ன சார் எழுதுறது?” என்று கேட்டாள்.

அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரியாமலா கேட்டது அந்தப் பிள்ளை? பக்கத்தில் இருக்கும் பட்டணத்துப் பிள்ளை எட்டிப் பார்ப்பாளே என்ற கூச்சத்தில் கேட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன். என் துணைவியார் காப்பி கலந்து வருவதற்குள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு ஊரறியப் பதில் எழுதி வைத்த ஒரு மனிதரின் கதையைத் தொடங்கினேன். அவளுக்குச் சொன்னதை இங்கே வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் ஹோரேஸ். முழுப்பெயர் குவின்டஸ் ஹொராட்டியஸ் ஃபிளாக்கஸ். கி.மு. 65ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இத்தாலியின் தென்பகுதியில் வெனூசியா என்னும் சிற்றூரில் பிறந்தார். இலத்தீன் மொழியில் எழுதிய பெருங்கவிஞர்களுள் ஒருவர். அங்கதக் கவிதையில் அவருக்கு அழியாத இடம் உண்டு. பேரரசர் அகஸ்டஸே வேலை கொடுத்து அழைத்தபோது, வேண்டாம் என்று பணிவாக மறுத்தவர். அவருடைய தந்தையோ, ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்!

உப்பு மீன் விற்றவரா?

அக்கால ரோமாபுரியில் அடிமை என்பவர் ஒரு பொருள். மாட்டையும் கலப்பையையும் போலச் சந்தையில் விலை பேசி வாங்கலாம், விற்கலாம். போரில் பிடிபட்டவர்கள் அடிமைகள். அடிமைத்தாய் வயிற்றில் பிறந்தவர்களும் அடிமைகள். ஆனால் எசமானர் மனம் வைத்தால் விடுதலை தரலாம். விடுதலை பெற்றவர் அதற்கு அடையாளமாக ஒரு கம்பளிக் குல்லாய் அணிந்துகொள்வார். பழைய எசமானரின் குடும்பப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வார். குடிமகன் ஆகிவிடுவார்; ஆனால் அரசாங்கப் பதவிகளுக்கு வர முடியாது. விடுதலைக்குப் பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளை, சட்டப்படி பிறப்பிலேயே சுதந்திரமானவன். சட்டம் அப்படிச் சொல்லிவிட்டது. ஊர் வாய் அடங்க வேண்டுமே!

ஹோரேசின் தந்தைக்கு வெனூசியாவில் விளைச்சல் குறைந்த ஒரு சிறு நிலம் இருந்தது. அதோடு ஏலத்தில் பணம் வசூலிக்கும் வேலை. ஏலம் எடுத்தவரிடம் பணத்தை வாங்கி விற்றவரிடம் சேர்த்து, இடையில் சிறு கூலி பெற்றுக்கொள்வார். கௌரவமான வேலை என்று ரோமானியர் அதை நினைக்கவில்லை. அவர் உப்பு மீன் வியாபாரி என்றும் ஒரு பேச்சு இருந்தது. சுவெட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இது வருகிறது. ஒரு சண்டையில் எவனோ ஒருவன் ஹோரேசைப் பார்த்து, உன் அப்பன் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொள்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று ஏசினானாம். கை நிறைய மீனும் உப்பும் இருந்தால் மூக்கை வேறு எதனால் துடைப்பது? உழைக்கிறவனுக்கு அது வேடிக்கையாகத் தெரியாது.

வெனூசியாவில் ஃபிளாவியஸ் என்பவர் நடத்திய பள்ளி ஒன்று இருந்தது. படையில் நூற்றுவர் தலைவர்களாக இருந்த பெரிய மனிதர்களின் மகன்கள் அங்கே படித்தார்கள். இடது தோளில் எழுதுபலகையும் பையும் தொங்க, மாதச் சம்பளம் எட்டுச் செப்புக்காசை எடுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் மற்றவர்கள் செய்வதைத் தாமும் செய்திருந்தால் தந்தைக்குச் செலவு குறைவு, தொல்லையும் இல்லை. ஆனால் அவர் வேறு விதமாக நினைத்தார். பையனை அழைத்துக்கொண்டு தலைநகர் ரோமுக்கே புறப்பட்டுவிட்டார். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் அது. செனட்டர் வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறதோ, அதையே தம் பிள்ளையும் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ரோமில் வசதியான வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய், கூடவே இருந்து, திரும்ப அழைத்து வருவது ஓர் அடிமையின் வேலை. ஹோரேசின் தந்தை அந்த வேலையை வேறு எவரிடமும் விடவில்லை. எந்த ஆசிரியரிடம் மகன் போனாலும் தாமே கூடப் போனார், காவலாக உட்கார்ந்திருந்தார். விடுதலை பெற்ற மனிதர், மகனுக்காக மறுபடியும் ஓர் அடிமையின் வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைக்கு நல்ல உடை வாங்கிக் கொடுத்தார். பின்னால் வர ஆட்களையும் வைத்தார். பார்த்தவர்கள் இது பாட்டன் பூட்டன் சொத்தில் நடக்கும் செலவு என்று நினைத்திருப்பார்களாம். இதையெல்லாம் ஹோரேசே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பிரம்படி வாத்தியார்

ரோமில் ஹோரேசுக்கு வாய்த்த ஆசிரியர் ஓர்பிலியஸ். அடிக்கு அஞ்சாத வாத்தியார்! அதாவது, அடிக்க அஞ்சாதவர். பழைய இலத்தீன் கவிஞர் லிவியஸ் ஆன்டிரோனிக்கசின் பாடல்களை அடித்து அடித்தே மனப்பாடம் செய்ய வைத்தார் என்று ஹோரேஸ் ஐம்பது வயதைக் கடந்த பிறகும் மறக்காமல் எழுதினார். மாணவன் கவிஞனாகிவிட்டால் வாத்தியாருக்கு இந்த ஆபத்து உண்டு.

நானும் ஓர் ஆசிரியன். ஆகவே ஓர்பிலியசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெனவென்டம் என்னும் ஊரைச் சேர்ந்த இவர் சிறு வயதில் பெற்றோரை ஒரே நாளில் இழந்தவர். படைச் சேவகம் செய்து, பிறகு ஐம்பதாவது வயதில்தான் ரோமுக்கு வந்து பள்ளி நடத்தினார். பெயர் கிடைத்த அளவுக்குப் பணம் கிடைக்கவில்லை. வயதான காலத்தில் ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே, மேல்மாடி அறையில் வறுமையில் இருப்பதாக எழுதினார். பெற்றோரின் அக்கறையின்மையாலும் பேராசையாலும் ஆசிரியர்கள் படும் துன்பங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகம் இன்று கிடைக்கவில்லை. கிடைத்தால் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பிரதி வைத்துக்கொள்வோம்.

பள்ளிப் பாடத்தைவிட ஹோரேசுக்குள் ஆழமாக இறங்கியது அப்பாவின் பாடம். அவர் நீதி நூல் படித்தவர் அல்லர். தெருவில் போகும்போது ஆட்களைக் காட்டுவார். அதோ அவனைப் பார், அப்பன் சொத்தை அழித்துவிட்டு எப்படி நிற்கிறான்! இதோ இவரைப் பார், எவ்வளவு நேர்மை! இப்படி மனிதர்களைக் காட்டியே நல்லது கெட்டது சொன்னார். மற்றவரின் குறையைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் தமக்கு இப்படித்தான் வந்தது என்று ஹோரேஸ் சொல்கிறார். உலகப் புகழ் பெற்ற அங்கதக் கவிதைகளுக்கு வித்து, ஏலப்பணம் வசூலித்த ஒரு மனிதர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தபோது விழுந்தது.

தோற்ற பக்கத்துப் படைவீரன்

மேற்படிப்புக்காக ஹோரேஸ் கிரேக்க நாட்டு ஏதென்சுக்குப் போனார். கி.மு. 44 மார்ச் மாதம் ரோமில் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் ஏதென்சுக்கு வந்து, அங்கே படித்துக்கொண்டிருந்த இளைஞர்களைத் தம் படைக்குச் சேர்த்தார். ஹோரேசும் சேர்ந்தார். சேர்ந்தது மட்டுமா? படையில் உயர்ந்த அதிகாரி ஆனார். அடிமையாக இருந்தவன் மகனுக்கு ரோமானியப் படை கீழ்ப்படிவதா என்று பலர் பல்லைக் கடித்தார்கள்.

கி.மு. 42இல் பிலிப்பி என்னும் இடத்தில் போர். புரூட்டசின் பக்கம் தோற்றது. ஹோரேஸ் தப்பி ஓடினார். கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று தாமே பிற்காலத்தில் ஒரு பாடலில் ஒத்துக்கொண்டார். வீரம் பேசும் ரோமானியரிடையே இப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்.

மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினால் அப்பாவின் வீடும் இல்லை, நிலமும் இல்லை. தோற்ற பக்கத்தில் நின்றவரின் உடைமை போய்விட்டது. அரசாங்கக் கருவூலத்தில் ஒரு எழுத்தர் வேலையை விலைக்கு வாங்கிக்கொண்டு பிழைத்தார். நம் பேச்சில் சொன்னால், கிராணி வேலை. வறுமைதான் தம்மைக் கவிதை எழுதத் துரத்தியது என்கிறார்.

கவிஞர் வெர்ஜில் அவருக்கு நண்பரானார். அவரும் வேரியஸ் என்ற இன்னொரு கவிஞரும் ஹோரேசைப் பற்றி மேசீனஸ் என்பவரிடம் எடுத்துச் சொன்னார்கள். மேசீனஸ் பெரும் செல்வர். அன்று ஆட்சியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த, பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஆக்டேவியனுக்கு வலக்கை போன்றவர். முதல் சந்திப்பில் ஹோரேசுக்கு வாய் குழறிவிட்டது. நாலு வார்த்தைதான் வந்தது. அந்த நாலு வார்த்தையில், தாம் பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை, சொந்தத் தோட்டத்தைக் குதிரையில் சுற்றி வருபவரும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். மேசீனசும் சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்பது மாதம் கழித்து ஆள் வந்தது: இனி நீர் எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒருவர்!

பேச்சு என்று பெயர் வைத்தார்

கி.மு. 35ஐ ஒட்டி முதல் தொகுதியும் கி.மு. 30ஐ ஒட்டி இரண்டாம் தொகுதியுமாக ஹோரேஸ் தம் அங்கதக் கவிதைகளை வெளியிட்டார். முதலாவதில் பத்து, இரண்டாவதில் எட்டு. ‘பேச்சுகள்’ என்று பொருள்படும் பெயரைத்தான் அவற்றுக்கு வைத்தார். வீர காவியங்கள் பாடும் யாப்பை எடுத்துக்கொண்டு, அதில் கீரை விலையையும் விருந்துச் சாப்பாட்டையும் பேசினார்.

அங்கதம் என்பது நமக்குப் புதிய சொல் இல்லை. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என்று அங்கே இரண்டு வகை சொல்லப்படுகிறது. ரோமில் இந்தக் கலைக்கு வழி போட்டவர் லூசிலியஸ். ஹோரேசுக்கு நூறு ஆண்டு முந்தியவர். முப்பது தொகுதிகள் எழுதினார். பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லியே சாடினார். அவர் ஒற்றைக்காலில் நின்றபடி ஒரு மணி நேரத்தில் இருநூறு அடி சொல்லிவிடுவார், ஆனால் அந்த வெள்ளத்தில் சேறும் வரும் என்று ஹோரேஸ் கிண்டல் செய்தார். ஆனால் ஒன்று. லூசிலியஸ் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், ஆட்சியாளர்களின் தோழர். அவர் ஏசலாம். அடிமையாக இருந்தவரின் மகன், அதிலும் தோற்ற படையில் நின்றவர், யாரை ஏச முடியும்? ஹோரேஸ் அதிகாரத்தில் இருந்தவர்களைத் தொடவே இல்லை. அதை நான் அவருடைய குறையாகவே எண்ணுகிறேன். ஆனால் அந்தக் குறையிலிருந்து ஒரு நன்மை பிறந்தது. மேலே பார்த்துச் சிரிக்க முடியாதவர், தம்மையே பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு கவிதையில், ரோமின் புனிதச் சாலையில் காலையில் தம் பாட்டுக்கு எதையோ யோசித்துக்கொண்டு நடந்து போகிறார். பெயர் மட்டுமே தெரிந்த ஒருவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். நானும் பெரிய கவிஞன், நன்றாகப் பாடுவேன், ஆடுவேன் என்று அளக்கிறான். இவர் வேகமாக நடக்கிறார், நிற்கிறார், குதிகால் வரை வேர்வை வழிகிறது. அவன் விடுகிற பாடாய் இல்லை. அவனுக்கு வேண்டியது மேசீனஸ் வீட்டு வாசல். எதிரே ஒரு நண்பர் வருகிறார். ஹோரேஸ் கண்ணைக் காட்டுகிறார், கையைக் கிள்ளுகிறார். நண்பரோ எல்லாம் புரிந்தும் புரியாதவர்போல் சிரித்துவிட்டு, இன்று யூதர்களின் ஓய்வு நாள், பிறகு பேசுவோம் என்று நழுவிவிடுகிறார்! கடைசியில் அந்த ஆசாமி மேல் வழக்குப் போட்டவன் வந்து அவனை நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போன பிறகுதான் கவிஞருக்கு மூச்சு வருகிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அப்படி ஓர் ஆளிடம் மாட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்?

வயல் எலி பட்டண எலி வீட்டுக்கு விருந்துக்குப் போன கதையையும் இவர் கவிதையாக்கியிருக்கிறார். அது பிள்ளைகளுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதல் தொகுதியின் ஆறாவது கவிதைதான் நான் அந்த மாணவிக்குச் சொல்ல வந்தது. மேசீனசை நோக்கிப் பேசுவதாக அமைந்த கவிதை அது. நாட்டின் மிகப் பெரிய குடும்பங்கள் படிக்கப்போகும் புத்தகம். அதிலே ஹோரேஸ் தம் தந்தை அடிமையாக இருந்தவர் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஊர் தம்மைக் கடித்துக் குதறுவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தியதோ, அதே சொல்லைத் தாமே எடுத்து எழுதுகிறார். என்னிடம் நல்லது ஏதேனும் இருந்தால் அது அப்பா கொடுத்தது என்கிறார். நான் அவரைப் போலவே ஏலம் வசூலிப்பவனாகப் போயிருந்தாலும் அவர் வருந்தியிருக்க மாட்டார், நானும் குறை சொல்லியிருக்க மாட்டேன் என்கிறார். ஒரு வயதுக்கு மேல் பெற்றோரைப் புதிதாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இயற்கை அனுமதித்தால், மற்றவர்கள் பதவியும் பட்டமும் உள்ளவர்களைத் தேடிப் போகட்டும், எனக்கு என் பெற்றோரே போதும் என்று சொல்கிறார்.

அதே கவிதையில் தம் அன்றாட வாழ்க்கையையும் சொல்கிறார். தனியாகக் கடைத்தெருவுக்குப் போவாராம். கீரை என்ன விலை, மாவு என்ன விலை என்று கேட்பாராம். குறி சொல்பவர்களை நின்று வேடிக்கை பார்ப்பாராம். வீட்டுக்கு வந்தால் லீக்ஸ் கீரை, கொண்டைக்கடலை, ஒரு பணியாரம். அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு. அதைப் பரிமாற மூன்று அடிமைப் பையன்கள்.

இந்த இடத்தில் என் மாணவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்பா அடிமையா இருந்தவருன்னு சொன்னீங்களே. அப்புறம் இவரு எப்படி சார் அடிமை வச்சிருந்தாரு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினேன்.

டாவுஸ் பேசுகிறான்

டிசம்பர் 17இல் ரோமில் ஒரு திருவிழா தொடங்கும். சாட்டர்னேலியா என்று பெயர். அந்த நாட்களில் மட்டும் அடிமைகளுக்கு வாய்ப்பூட்டு இல்லை. எசமானரோடு பேசலாம், சிரிக்கலாம், சூதாடலாம். இரண்டாம் தொகுதியின் ஏழாவது கவிதையில் ஹோரேசின் அடிமை டாவுஸ், இந்த விழாச் சலுகையைப் பயன்படுத்தி எசமானரைப் பிடிபிடி என்று பிடிக்கிறான். நாடகங்களில் வரும் அடிமைப் பாத்திரங்களுக்கு வழக்கமாக வைக்கும் பெயர்தான் டாவுஸ். பெயர் எப்படியானாலும் அவன் சொல்வதெல்லாம் வீட்டுக்குள் இருந்து பார்த்தவன் சொல்வது.

ரோமில் இருக்கும்போது கிராமம் கிராமம் என்று ஏங்குகிறீர், கிராமத்துக்குப் போனால் பட்டணத்தைப் புகழ்கிறீர் என்கிறான். எவரும் சாப்பிடக் கூப்பிடாத நாளில், வீட்டுக் கீரைச்சோற்றைப் போல உண்டா என்று பேசுகிறீர். விளக்கு வைத்த பிறகு மேசீனஸ் ஆள் அனுப்பினாலோ, எண்ணெய் எங்கே எண்ணெய் எங்கே என்று கத்திக்கொண்டு ஓடுகிறீர் என்கிறான். நான் சுவரில் கரியாலும் செங்காவியாலும் வரைந்த மல்லர் சண்டைப் படத்தை நின்று பார்த்தால் சோம்பேறி. நீர் பழைய ஓவியர் பௌசியசின் படத்தின் முன் வாய் பிளந்து நின்றால் கலை தெரிந்த இரசிகரா என்று கேட்கிறான். நான் சூடான பணியாரத்துக்கு ஆசைப்பட்டால் முதுகில் அடி. உமக்குப் பெரிய விருந்துகளா என்கிறான். ஆசைக்கும் கோபத்துக்கும் புகழுக்கும் கட்டுப்பட்ட நீரும் அடிமைதான், கயிறு இழுத்தால் ஆடும் மரப்பொம்மை என்கிறான். ஒரு மணி நேரம் தனியாக உம்மோடு நீரே இருக்க முடியாமல், எசமானனை விட்டு ஓடிப்போன அடிமையைப் போல உம்மை விட்டே ஓடுகிறீர் என்று முடிக்கிறான்.

ஹோரேசுக்குப் பொறுக்கவில்லை. எறிவதற்குக் கல்லைத் தேடுகிறார், அம்பைத் தேடுகிறார். இவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிதை கட்டுகிறார் என்கிறான் டாவுஸ். உடனே இங்கிருந்து போய்விடு, இல்லையேல் என் சபைன் தோட்டத்தில் ஒன்பதாவது ஆளாக உன்னை அனுப்பிவிடுவேன் என்று அதட்டுகிறார் ஹோரேஸ். கவிதை அங்கே முடிந்துவிடுகிறது.

ஒன்பதாவது ஆள்! மேசீனஸ் ஹோரேசுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த நிலம் அந்தச் சபைன் தோட்டம். டிவோலிக்கு அப்பால், இன்றைய லிசென்சா என்னும் ஊருக்கு அருகே, மலைச்சரிவில் அந்த வீட்டின் எச்சங்கள் என்று கருதப்படும் அடித்தளங்களை இப்போதும் காட்டுகிறார்கள். அங்கே எட்டு அடிமைகள் வேலை செய்தார்கள் என்பதை இந்த ஒரு மிரட்டலிலிருந்துதான் உலகம் அறிகிறது. வீட்டு வேலையிலிருந்து தோட்ட வேலைக்கு அனுப்புவது தண்டனை. தோட்டத்தில் வாழும் நாம் இந்த வரியைப் படிக்கும்போது, மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

என்றாலும் இதை எழுதியவர் ஹோரேஸ்தானே! தம்மை முட்டாளாக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் அடிமையின் வாயில் வைத்தவர் அவர். நியாயம் முழுவதையும் அவனுக்குக் கொடுத்து, தமக்கு வெறும் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். வாதத்தில் தோற்ற எசமானனின் கடைசி ஆயுதம் என்ன என்பதை மறைக்காமல் காட்டினார். ஆனால் அந்த எட்டுப் பேரை விடுவித்ததாக எந்தக் கவிதையிலும் சொல்லவில்லை. அப்பா பட்டதை அறிந்தவர், அடிமைமுறையே தவறு என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. அடுத்த வாரம் வந்த மாணவியிடம் இரண்டையும் சொன்னேன். அவள், “பாதி தூரம் வந்திருக்காரு சார்” என்றாள். எனக்கு அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை.

பின்னாளில் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளனுக்கு ஹோரேஸ் ஒரு கவிதைக் கடிதம் எழுதினார். நம் ஊர்க் கங்காணி மாதிரி அவன். ஆனால் அவனும் அடிமைதான். பட்டணத்து வீட்டில் எடுபிடியாக இருந்த காலத்தில் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று வாய்க்குள் வேண்டிக்கொண்டவன், தோட்டத்துக்கு வந்ததும் பட்டணத்துக் குளியல் இடங்களுக்கும் சாராயக் கடைக்கும் ஏங்குகிறானாம். நீ நிலத்தில் முள் பிடுங்கு, நான் என் மனத்தில் முள் பிடுங்குகிறேன், யார் நன்றாகப் பிடுங்குகிறார்கள் பார்ப்போம் என்று போட்டிக்கு அழைக்கிறார். தாமே மண்கட்டியையும் கல்லையும் புரட்டும்போது அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள் என்றும் அதில் எழுதுகிறார்.

அகஸ்டஸ் பேரரசரான பின், தம் கடிதங்களை எழுத ஹோரேசைச் செயலாளராக அழைத்தார். அப்படிப்பட்ட பதவிக்கு யார்தான் மறுப்பார்கள்? ஹோரேஸ் மறுத்தார். அகஸ்டஸ் கோபப்படவில்லை. ஆள் குள்ளம், உடம்பு பருமன் என்று கேலி செய்து கடிதம் எழுதினார். கி.மு. 17இல் ரோமில் நடந்த மாபெரும் அரச விழாவுக்குப் பாட்டு எழுதும்படி ஹோரேசையே கேட்டார்கள். 27 சிறுவர்களும் 27 சிறுமிகளும் அதைப் பாடினார்கள். அந்த விழாவைக் குறித்துப் பொறித்த கல்வெட்டு 1890இல் ரோமில் கிடைத்தது. பாடலை இயற்றியவர் குவின்டஸ் ஹொராட்டியஸ் ஃபிளாக்கஸ் என்று அதில் வெட்டியிருக்கிறது.

கி.மு. 8இல் மேசீனஸ் இறந்தார். ஹோரேசை என்னைப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள் என்று அகஸ்டசுக்கு உயிலில் எழுதி வைத்திருந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 27ஆம் நாள் ஹோரேசும் போய்விட்டார். உயிலில் ஒப்பமிட நேரமில்லாமல், அகஸ்டசே தம் வாரிசு என்று வாயால் சொல்லிவிட்டு இறந்தார். எஸ்குலைன் குன்றில் மேசீனசின் சமாதிக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

விளக்குப் புகை

இறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு கடிதத் தொகுதி வெளியிட்டார். அதன் கடைசிக் கவிதையில் புத்தகத்தையே வீட்டை விட்டு வெளியே போகத் துடிக்கும் ஓர் இளம் அடிமையாக வைத்துப் பேசுகிறார். வெளியே போனால் என்னைப் பற்றிக் கேட்பார்கள், சொல் என்கிறார். என்ன சொல்ல வேண்டுமாம்? அடிமையாக இருந்தவரின் மகன், ஏழைக் குடும்பம், கூட்டைவிடப் பெரிதாகச் சிறகை விரித்தவன். ஆள் குள்ளம், இளநரை, வெயில் காய்வதில் பிரியம், சட்டென்று கோபம் வரும், சட்டென்று தணியும், வயது நாற்பத்து நான்கு. அப்பாவின் சேதிதான் முதலில். மற்றவை பிறகு.

அந்தப் புத்தகத்துக்கு அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். இளமை இருக்கும் வரை உன்னை எல்லாரும் கையில் எடுப்பார்கள். கடைசியில் கிழட்டுப் பருவத்தில் ஏதோ ஒரு மூலைத் தெருவில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு கிடப்பாய் என்றார்.

நூறு ஆண்டுக்கு மேல் சென்றது. ஜூவனல் என்று இன்னோர் அங்கதக் கவிஞர் ரோமில் தோன்றினார். சிரிப்பைவிடச் சினம் மிகுந்தவர். அவர் ஒரு கவிதையில் பள்ளி ஆசிரியர்களின் வறுமையைப் பாடும்போது ஒரு வகுப்பறையைக் காட்டுகிறார். கொல்லன்கூட வேலைக்கு உட்காராத நேரத்தில், விடியும் முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு ஒரு விளக்கு. அத்தனை விளக்கின் புகையையும் ஆசிரியர் மூச்சில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் கையில் வெர்ஜிலின் புத்தகமும் ஹோரேசின் புத்தகமும் இருக்கின்றன. வெர்ஜிலில் கரி அப்பியிருக்கிறது. ஹோரேஸ் முழுவதும் நிறம் மாறிப்போயிருக்கிறது.